நான்கு கணினிகளுக்கு எந்த பேக்கப் மென்பொருள்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: வீட்டில் இரண்டு விண்டோஸ் லேப்டாப், ஒரு மேக்புக், லினக்ஸ் போட்டு மூலையில் கிடக்கும் ஒரு பழைய டெஸ்க்டாப், கூடவே ஒரு 4 டெராபைட் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க். இதுவரை ஞாபகம் வந்தபோதெல்லாம் ஃபோல்டர்களை இழுத்துப் போட்டு காப்பி எடுத்து வந்திருக்கிறீர்கள். இனி எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் கொண்டுவர வேண்டும், எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில், ஒரே மென்பொருள் என்ற ஆசையைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். எல்லா பேக்கப்பும் ஒரே இடத்தில் போய்ச் சேர வேண்டும் என்பது நியாயமான ஆசை. எல்லாவற்றையும் ஒரே மென்பொருள் செய்ய வேண்டும் என்பது தேவையில்லாத பிடிவாதம். மேக்குக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று என்று போனால் வேலை பாதியாகும்.

இரண்டாவது விஷயம், இதைத்தான் யாரும் கேட்பதில்லை: ஒரு நாள் பேக்கப் ஓடவில்லை என்றால் அது உங்களுக்கு எப்படித் தெரியும்? நானும் ஒரு காலத்தில் வசதிப் பட்டியல்களை அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்துத்தான் ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுத்தேன். சுருக்கம், மறையாக்கம் (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது), பத்து வகை கிளவுட், எல்லாம் இருந்தது. என் கணினியில் ஒழுங்காக ஓடியது, அக்காவின் லேப்டாப்பிலும் போட்டுக் கொடுத்தேன். நடுவில் ஒரு நாள் பேக்கப் போகும் நெட்வொர்க் ஃபோல்டரின் பாஸ்வேர்டை மாற்றினேன், என் கணினியில் மட்டும் புதியதைக் கொடுத்துவிட்டு அக்காவுடையதை மறந்துபோனேன். அவளுடைய டிஸ்க் படுத்தபோதுதான் தெரிந்தது, கடைசி பேக்கப் ஏழு மாதத்துக்கு முந்தையது. மென்பொருள் ஒவ்வொரு நாளும் முயன்று, ஒவ்வொரு நாளும் தோற்று, அதை ஒவ்வொரு நாளும் யாரும் திறக்காத ஒரு பதிவேட்டில் எழுதி வைத்திருந்தது. திரையின் ஓரத்தில் ஒரு சின்ன மஞ்சள் முக்கோணம் வந்ததாம், அது ஏதோ வைரஸ் மென்பொருள் காசு கேட்கிறது என்று அவள் நினைத்திருக்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

கணினி ஒன்றுதான், அதுவும் உங்களுடையதுதான் என்றால் இப்படி நின்றுபோனது என்றாவது உங்கள் கண்ணில் படும். நான்கு கணினி, மூன்று பேர் என்று வந்துவிட்டால் பூனைக்கு மணி கட்டுவது யார் என்ற கதைதான். அதனால் பல கணினிகள் உள்ள வீட்டுக்கு நான் மென்பொருளை எடைபோடுவது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்: எல்லாக் கணினிகளின் நிலையையும் ஒரே பக்கத்தில் காட்டுகிறதா, ஏதாவது ஒன்று சில நாட்களாகக் காணவில்லை என்றால் தானாக எனக்குச் சொல்கிறதா? மற்ற வசதிகள் எல்லாம் அதற்கு அப்புறம்.

இது வீட்டுக்காரர்களுக்கு மட்டும் வரும் வியாதி என்று நினைக்காதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார், சுமார் 300 ஜிகாபைட். பேக்கப்புக்கும் நகலாக்கத்துக்கும் ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள், ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை. தினசரி எடுக்க வேண்டிய பேக்கப், மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போயிருக்கின்றன, ஆனால் அனுப்புநர் சரிபார்ப்பில் சிக்கி அவை திருப்பி அனுப்பப்பட்டதால் ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் யாரோ வேறு வேலைக்காக எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள், அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

சரி, மென்பொருளுக்கு வருவோம். அதற்கு முன் எது பேக்கப் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் சிங்க்திங் போதுமா என்றும் ஒரு வரி இருந்தது. போதாது. சிங்க்திங், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் எல்லாம் ஒத்திசைவுக்கானவை. ஒரு கணினியில் நீங்கள் ஒரு கோப்பை அழித்தால் மற்றதிலும் அழித்துவிடுவதுதான் அவற்றின் கடமை, அதைச் சுறுசுறுப்பாகவே செய்யும். குப்பைத்தொட்டி, பழைய பதிப்பு வசதிகள் சிலவற்றில் உண்டு, ஆனால் அவற்றுக்குக் கெடு உண்டு. அதேபோல விண்டோஸின் காப்பி எடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியை மிரர் முறையில் ஓடவிடும் ஸ்கிரிப்ட்டுகளும்: மூலத்தில் இல்லாததை எல்லாம் இலக்கிலும் அழிக்கும். தூக்கக் கலக்கத்தில் மூலத்தையும் இலக்கையும் மாற்றி எழுதிவிட்டால் காலி டிஸ்கைப் பார்த்து நல்ல டிஸ்கைக் காலி செய்யும். பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்ட் என்பதும் ஒரு டிஸ்க் போனால் வேலை நிற்காமல் இருப்பதற்கான ஏற்பாடு, அழித்த கோப்பைத் திருப்பித் தராது.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. ஒன்டிரைவும் ஐகிளவுடும் இடம் மிச்சம் பிடிப்பதற்காகக் கோப்புகளைக் கிளவுடிலேயே வைத்துவிட்டு லேப்டாப்பில் வெறும் பெயரை மட்டும் காட்டும். பேக்கப் மென்பொருள் அந்த வெற்றுப் பெயரைப் பார்த்தால் தாண்டிப் போகலாம், அல்லது ஒவ்வொன்றாக இறக்கி டிஸ்கை நிரப்பலாம், மென்பொருளைப் பொறுத்தது. ஆயிரக்கணக்கான புகைப்படம் பேக்கப்பில் இருக்கிறது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்க, உள்ளே ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். முக்கியமான ஃபோல்டர்களுக்கு எப்போதும் இந்தக் கணினியிலேயே வைத்திரு என்ற தேர்வைப் போட்டுவிடுங்கள்.

இப்போது என் பரிந்துரை. அந்தப் பழைய டெஸ்க்டாப்பை பேக்கப் சர்வராக்குங்கள். 4 டெராபைட் டிஸ்கை அதில் மாட்டி, அர்பேக்கப் என்ற பேக்கப் மென்பொருளின் சர்வரை நிறுவுங்கள். திறமூலம், இலவசம், விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் சர்வர் ஓடும். விண்டோஸ் லேப்டாப்புகளில் அதன் கிளையன்ட்டை, அதாவது சர்வரோடு பேசும் சிறு மென்பொருளை, நிறுவினால் போதும், ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இருந்தால் சர்வரும் கிளையன்ட்டும் ஒன்றையொன்று தானே கண்டுபிடித்துக்கொள்ளும். நேர அட்டவணை, எத்தனை பழைய பதிப்புகள் வைப்பது, எந்த ஃபோல்டர் என்பதெல்லாம் சர்வரில் ஒரே இடத்தில் முடிவாகும். லேப்டாப் மூடியிருந்தால் கவலையில்லை, அடுத்து எப்போது நெட்வொர்க்கில் தலைகாட்டுகிறதோ அப்போது பிடித்துக்கொள்ளும். பிரவுசரில் அதன் நிலைப் பக்கத்தைத் திறந்தால் எந்தக் கணினி கடைசியாக எப்போது வந்தது என்று வரிசையாகத் தெரியும், மின்னஞ்சல் அறிக்கையும் அனுப்பும். நான் இதன் பக்கம் சாய்வதற்கு முக்கியக் காரணமே அந்த நிலைப் பக்கம்தான். தோற்றம் ஏதோ பத்து வருடத்துக்கு முந்தைய அலுவலக மென்பொருள் மாதிரி இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு நன்மை, விண்டோஸ் லேப்டாப்புகளுக்கு பேக்கப் ஃபோல்டரில் எழுதும் உரிமை எதையும் நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல், ஒரு கணினியில் புகுந்தால் அந்தக் கணினி எங்கெல்லாம் எழுத முடியுமோ அங்கெல்லாம் போய்ப் பூட்டும், எப்போதும் செருகியே இருக்கும் யுஎஸ்பி டிஸ்க், டிரைவ் எழுத்து கொடுத்து மாட்டிவைத்த நெட்வொர்க் ஃபோல்டர் எல்லாமே அதில் அடக்கம். 2017 மே மாதத்தில் பரவிய வானாக்ரை என்ற ரான்சம்வேர் அதற்கும் ஒரு படி மேலே போய், விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாகக் கணினி விட்டுக் கணினி தாவியது. பேக்கப்பை சர்வர் வந்து இழுத்துக்கொண்டு போகிற ஏற்பாட்டில், லேப்டாப்புக்கு அந்த டிஸ்க் இருப்பதே தெரியாது.

குறையும் சொல்ல வேண்டும். அர்பேக்கப் ஒரே மாதிரி கோப்பு மூன்று கணினியில் இருந்தால் ஒன்றை மட்டும்தான் சேமிக்கும், ஆனால் அந்தக் கணக்கு முழுக் கோப்பு அளவில். அவுட்லுக்கின் 10 ஜிகாபைட் அஞ்சல் கோப்பில் ஒரு கடிதம் கூடினாலும் முழு 10 ஜிகாபைட்டும் புதிதாகச் சேரும். சர்வர் டிஸ்கை பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறையில் அமைத்தால் மாறிய துண்டு மட்டும் சேமிக்கப்படும், உங்களுடையது லினக்ஸ் என்பதால் அதையே செய்யுங்கள். மெய்நிகர் கணினிகளின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) பெரிய கோப்புகள் வைத்திருந்தால் இது இன்னும் முக்கியம்.

மேக்குக்கு ஆப்பிளின் சொந்த பேக்கப் மென்பொருளான டைம் மெஷின்தான், யோசிக்கவே வேண்டாம். 2007-லிருந்து அந்த இயங்குதளத்தோடேயே வருகிறது. கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒன்று, ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒன்று, அதற்கு முந்தியவற்றுக்கு வாரத்துக்கு ஒன்று என்று தானே கழித்துக்கொள்ளும். புதிய மேக் வாங்கினால் முதல் முறை இயக்கும்போதே பழைய பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லலாம், அந்த அளவு ஒட்டுதல் வெளி மென்பொருள்களிடம் கிடைக்காது. அதே லினக்ஸ் டெஸ்க்டாப்பில் நெட்வொர்க்கில் ஃபோல்டர் பகிரும் சாம்பா என்ற மென்பொருளைப் போட்டு டைம் மெஷினுக்கான பகிர்வு ஒன்றை அமைக்க முடியும். ஆனால் அளவுக்கு ஒரு வரம்பு போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் இடம் தீரும்வரை அது நிரப்பிக்கொண்டே போய் மற்ற கணினிகளைத் தெருவில் நிறுத்தும். நெட்வொர்க் வழியாகப் போகும் டைம் மெஷின் எப்போதாவது பழையது நம்பகமாக இல்லை, புதிதாகத் தொடங்க வேண்டும் என்று செய்தி காட்டும். அதனால் மேக்கில் உயிரான வேலை ஏதாவது இருந்தால் ஒரு சிறிய யுஎஸ்பி டிஸ்கையும் இரண்டாவது இலக்காகச் சேருங்கள், இரண்டுக்கும் மாறி மாறி எடுக்கும்.

எப்போதும் ஓடும் கணினி ஒன்று வேண்டாம், மின்சாரச் செலவும் சத்தமும் பிடிக்காது என்றால் வேறு வழி. விண்டோஸ் லேப்டாப் ஒவ்வொன்றுக்கும் வீம் ஏஜென்ட் என்ற பேக்கப் மென்பொருளின் இலவசப் பதிப்பைப் போட்டு, டிஸ்கைச் செருகியதும் பேக்கப் எடு, முடிந்ததும் கழற்றிவிடு என்று அமைக்கலாம். கழற்றிவிடுவது சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ரான்சம்வேருக்கு எதிராக நல்ல தடுப்பு. ஆனால் வாரம் ஒரு முறை யாராவது எழுந்துபோய் டிஸ்கைச் செருக வேண்டும். இரண்டு மாதம் நடக்கும், அப்புறம் உங்கள் வீட்டை நீங்கள்தான் அறிவீர்கள்.

விண்டோஸிலேயே இருக்கும் ஃபைல் ஹிஸ்டரி ஒன்றும் மோசமில்லை, விண்டோஸ் 8 காலத்திலிருந்து இருக்கிறது, தனிப்பட்ட ஃபோல்டர்களின் பழைய பதிப்புகளை எடுத்து வைக்கும். ஆனால் விண்டோஸ் 11-இல் அதைக் கண்ட்ரோல் பேனலின் மூலையில் தள்ளிவிட்டார்கள், கவனிப்பாரற்ற பிள்ளை. அதை நம்பிப் புதிதாக எதையும் தொடங்க மாட்டேன்.

ரெஸ்டிக், போர்க், கோபியா, டூப்ளிகாட்டி என்ற நான்கு பேக்கப் மென்பொருள்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். போர்க் லினக்ஸிலும் மேக்கிலும் அருமை, விண்டோஸில் நேரடியாக ஓடாது, எனவே உங்களுக்குக் கழிந்தது. டூப்ளிகாட்டி வருடக்கணக்கில் பீட்டாவிலேயே, அதாவது சோதனைப் பதிப்பாகவே, இருந்தது, ஒவ்வொரு கணினியிலும் ஒரு உள்ளூர்த் தரவுத்தளம் வைத்துக்கொள்ளும், கணினியே போய்விட்டால் அதை மறுபடி கட்டியெழுப்பக் காத்திருக்க வேண்டிவரும். பதற்றமான நேரத்தில் எனக்கு அது பிடிக்காது. ரெஸ்டிக்கும் கோபியாவும் நல்ல வார்ப்பு: கோப்பைத் துண்டுகளாக்கி, ஒரே துண்டு எத்தனை கணினியில் இருந்தாலும் ஒரு முறைதான் சேமிக்கும், எல்லாமே மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் வெளியே போகும். கோபியாவுக்கு வரைகலை முகம் உண்டு, ரெஸ்டிக் கட்டளை வரியோடு சரி. எல்லாரும் நுட்பம் தெரிந்தவர்களாக உள்ள வீட்டில் நான்கு கணினியிலும் இதையே போடலாம். உங்கள் வீட்டில் நீங்கள் ஒருவர்தான் என்று தெரிகிறது, அதனால் ரெஸ்டிக்கை சர்வரில் மட்டும் வையுங்கள், வெளியூர் பிரதிக்கு.

வெளியூர் பிரதி எதற்கு? டெஸ்க்டாப்பும் டிஸ்கும் லேப்டாப்புகளும் ஒரே கூரையின் கீழ்தான். தீயோ வெள்ளமோ திருடனோ வந்தால் எல்லாம் சேர்ந்தே போகும். பீட்டர் குரோ என்ற புகைப்படக்காரர் பிரபலப்படுத்திய 3-2-1 கணக்கு இதற்குத்தான்: மூன்று பிரதி, இரண்டு விதமான ஊடகம், ஒன்று வேறு இடத்தில். எல்லாவற்றையும் கிளவுடுக்கு அனுப்ப நினைக்காதீர்கள். 1 டெராபைட்டை விநாடிக்கு 10 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் அனுப்பினால் இடைவிடாமல் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும், 100 மெகாபிட் இருந்தாலும் ஏறக்குறைய ஒரு நாள். திரும்பக் கிடைக்காதவை மட்டும் போகட்டும்: புகைப்படம், ஆவணம், நீங்கள் எழுதியவை. கிளவுடே வேண்டாம் என்றால் இரண்டாவது டிஸ்க் ஒன்றை வாங்கி மாதம் ஒரு முறை நிரப்பி உறவினர் வீட்டில் வையுங்கள், அவர்களுடையதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கணினிக்கு இவ்வளவு என்று சந்தா வாங்கி எல்லாவற்றையும் தானே ஏற்றும் பேக்பிளேஸ் போன்ற சேவைகளும் உண்டு. பெற்றோர் வீட்டுக் கணினிக்கு அதுதான் சரியான தேர்வு என்பேன். ஆனால் அதன் வீட்டுப் பதிப்பு லினக்ஸில் ஓடாது. இந்த மாதிரிச் சேவைகள் நிலைத்திருக்கும் என்றும் சொல்ல முடியாது: கிராஷ்பிளான் 2017 ஆகஸ்டில் வீட்டுப் பயனர் சேவையை மூடப்போவதாக அறிவித்தது, மேக்ரியம் ரிஃப்ளெக்ட் என்ற விண்டோஸ் பேக்கப் மென்பொருளின் இலவசப் பதிப்பும் 2024 தொடக்கத்தோடு முடிந்தது. அதனால்தான் எதை எடுத்தாலும், அந்த நிறுவனம் இல்லாமலும் உங்கள் கோப்புகளைத் திறக்க முடியுமா என்று பார்க்கச் சொல்கிறேன். அர்பேக்கப்பில் கோப்பு பேக்கப்புகள் தேதி போட்ட சாதாரண ஃபோல்டர்களாகவே கிடக்கும், மென்பொருளே இல்லாமல் திறக்கலாம்.

சாதாரணமாகக் கிடக்கும் என்பதற்கு மறுபக்கமும் உண்டு. லேப்டாப்பில் டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தாலும் சர்வருக்குப் போய்ச் சேருவது பூட்டில்லாத காப்பி. டெஸ்க்டாப் திருடு போனால் எல்லாருடைய ஆவணங்களும் போயின. எனவே அந்த டிஸ்க் முழுவதையும் லினக்ஸிலேயே மறையாக்கம் செய்துவிடுங்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வந்ததும் யாராவது கடவுச்சொல் அடிக்கும்வரை டிஸ்க் திறக்காது. பேக்கப் சத்தமில்லாமல் நின்றிருக்கும், நின்றதைச் சொல்ல வேண்டிய சர்வரே அங்கே வாயடைத்து நிற்கும்!

இதற்கு வீட்டுக்கு வெளியே ஒரு காவல்காரன் வேண்டும். ஹெல்த்செக்ஸ் என்று ஒரு சேவை இருக்கிறது, சிறிய அளவுக்கு இலவசம். அது வேலை செய்வது தலைகீழாக: உங்கள் சர்வர் ஒவ்வொரு இரவும் வேலை முடிந்ததும் ஒரு குறிப்பிட்ட முகவரியைத் தட்ட வேண்டும், சொன்ன நேரத்துக்குள் தட்டல் வரவில்லை என்றால் உங்களுக்கு மின்னஞ்சல் வரும். தோல்வியைச் சொல்வதற்கு சர்வர் உயிரோடு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ரெஸ்டிக் ஓடும் ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியாக இதைச் சேருங்கள், ரெஸ்டிக் வெற்றியாக முடிந்தால் மட்டும் தட்டும்படி. அக்காவின் லேப்டாப் கதை நடந்தபோது இதைப் போட்டிருந்தால் இரண்டாம் நாளே தெரிந்திருக்கும்.

ரெஸ்டிக்கின் கடவுச்சொல், டிஸ்கின் கடவுச்சொல், பிட்லாக்கர் மீட்புச் சாவி, கிளவுட் கணக்கு விவரம் நான்கையும் காகிதத்தில் எழுதி வீட்டில் ஒன்று, வெளியே ஒன்று வையுங்கள். ரெஸ்டிக் கடவுச்சொல் தொலைந்தால் அந்த மென்பொருளை உருவாக்கியவர்களாலேயே உங்கள் பேக்கப்பைத் திறக்க முடியாது. எல்லாச் சாவியையும் லேப்டாப்பிலேயே சேமித்து, அந்த லேப்டாப்பை அதே சாவியால் பூட்டி பேக்கப் எடுத்து வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முழு டிஸ்க் பிம்பம் (இயங்குதளத்தோடு சேர்த்து டிஸ்கை அப்படியே எடுக்கும் நகல்) வேண்டுமா, கோப்புகள் மட்டும் போதுமா என்பது அடிக்கடி சண்டையாகும் கேள்வி, எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. கோப்புகள் கட்டாயம், பிம்பம் விண்டோஸுக்கு வாரம் ஒன்று இருந்தால் நல்லது, அர்பேக்கப் இரண்டையும் செய்யும்.

முதல் பேக்கப்பை வைஃபையில் விடாதீர்கள். லேப்டாப்பை ரவுட்டரில் கேபிளால் இணைத்து, மூடினாலும் தூங்காத மாதிரி வைத்து ஒரு இரவு விட்டுவிடுங்கள். அது முடிந்த மறுநாளே ஒரு ஃபோல்டரை வேறொரு கணினியில் மீட்டெடுத்துப் பாருங்கள், அதிலும் கொஞ்சம் சிக்கலானதாக: தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகள், நீளமான பாதைகள், திறந்தே இருந்த ஒரு விரிதாள். ஏதாவது திறக்க மறுத்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வேறு வேறு ஃபோல்டரை.

வேலையைத் தொடங்கும் முன் டெஸ்க்டாப்பின் பின்பக்கம் யுஎஸ்பி 3 துளை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். யுஎஸ்பி 2 மட்டும்தான் என்றால் விநாடிக்கு 35 மெகாபைட் சொச்சம்தான் கிடைக்கும், 1 டெராபைட்டுக்கு எட்டு மணி நேரம். உள்ளே காலி விரிவாக்கத் துளை இருந்தால் ஒரு யுஎஸ்பி 3 கார்டு போட்டாலே போதும்.